அமெரிக்கத் தாராளவாத அரசியல் கருத்துரை

அமெரிக்காவின் அன்றாட அரசியலையும் செய்திகளையும் தாராளவாத நோக்கில் எடைபோட்டு எழுதுவதும் பேசுவதும் அந்நாட்டு இதழியலின் ஒரு நீண்ட மரபு. 1865-ல் தொடங்கிய 'தி நேஷன்' வார இதழிலிருந்து இன்றைய இணையச் செய்திமடல்கள் வரை இம்மரபு தொடர்கிறது. நாளிதழ்ப் பத்தி, வானொலி, தொலைக்காட்சி, வலைப்பதிவு என்று ஊடகங்கள் மாறியபோதும் அதைத் தொடர்ந்து வந்த கேள்வி ஒன்று உண்டு. ஆட்சியில் இருப்பவர்களை விமர்சிப்பவருக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? அந்தப் பணம் அவரை எதைச் சொல்ல விடுகிறது, எதைச் சொல்ல விடாமல் தடுக்கிறது?

இருபதாம் நூற்றாண்டில் இக்கேள்வியை மூன்று வழிகளில் எதிர்கொண்டவர்கள் வால்டர் லிப்மன், எட்வர்ட் ஆர். மரோ, ஐ. எஃப். ஸ்டோன். லிப்மன் பெரிய நாளிதழ்களில் பத்தி எழுதியவர். மரோ, நிறுவனங்களின் விளம்பரப் பணத்தில் ஓடிய தொலைக்காட்சியில் பேசியவர். ஸ்டோன் சந்தாவை மட்டும் நம்பித் தனியாக இதழ் நடத்தியவர்.

சொல்லின் பொருள்

ஐரோப்பாவில் 'லிபரல்' என்ற சொல் பெரும்பாலும் தடையற்ற சந்தையையும் குறைந்த அரசுத் தலையீட்டையும் ஆதரிப்பவர்களைக் குறிக்கிறது. அமெரிக்காவில் அதன் பொருள் வேறு. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த 'நியூ டீல்' திட்டங்களுக்குப் பின், முதியோர் ஓய்வூதியம், தொழிற்சங்க உரிமை, வேலையில்லாதோருக்கான உதவி ஆகியவற்றை அரசின் கடமையாகக் கருதுவோரை அச்சொல் குறிக்கத் தொடங்கியது. 1950-களுக்குப் பின் கறுப்பின மக்களின் குடியுரிமைகள், பேச்சுரிமை, பெண்களின் உரிமை ஆகியவையும் அதோடு சேர்ந்தன. தேர்தல் அரசியலில் இப்போக்கு பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியைச் சார்ந்தது. ஆனால் இம்மரபின் முக்கியமான எழுத்துகள் பல ஜனநாயகக் கட்சி ஆட்சியில் இருந்தபோது அக்கட்சியை எதிர்த்தே எழுதப்பட்டவை.

தொடக்கக் கால வார இதழ்கள்

உள்நாட்டுப் போர் முடிந்த சில மாதங்களில், 1865 ஜூலையில், ஈ. எல். காட்கின் ஆசிரியராக இருக்க நியூயார்க்கில் 'தி நேஷன்' தொடங்கப்பட்டது. இன்றும் வெளிவரும் மிகப் பழைய அமெரிக்க அரசியல் இதழ்களுள் அது ஒன்று. அரை நூற்றாண்டு கழித்து, 1914 நவம்பரில், ஹெர்பர்ட் குரோலி, வால்டர் வைல், வால்டர் லிப்மன் ஆகியோர் 'தி நியூ ரிபப்ளிக்' இதழைத் தொடங்கினர். அதற்குப் பணம் கொடுத்தவர்கள் வங்கித் துறையைச் சேர்ந்த வில்லர்ட் ஸ்ட்ரெய்ட்டும், பெரும் செல்வக் குடும்பத்தில் பிறந்த அவருடைய மனைவி டோரதியும்.

இவ்விதழ்கள் பெரும்பாலும் நட்டத்தில் நடந்தன. செல்வந்தர் ஒருவரின் ஆதரவில்தான் அவற்றால் மூச்சுவிட முடிந்தது. தொழிலாளர் உரிமை பற்றியும் பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது பற்றியும் அவை எழுதியதற்கான செலவை ஒரு வங்கியாளரின் குடும்பம் ஏற்றது.

அவை பொறுப்போடு செய்த பணிகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு 1920 ஆகஸ்டில் நியூ ரிபப்ளிக் இதழின் இணைப்பாக வந்த ஆய்வு. லிப்மனும் சார்லஸ் மெர்ஸும் சேர்ந்து, ரஷ்யப் புரட்சியைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் மூன்று ஆண்டுகளில் வெளியிட்ட செய்திகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். போல்ஷெவிக் ஆட்சி கவிழப்போகிறது அல்லது கவிழ்ந்துவிட்டது என்ற பொருளில் அந்நாளிதழ் 91 முறை செய்தி வெளியிட்டிருந்ததை அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். உண்மையில் அந்த ஆட்சி கவிழவே இல்லை. செய்தியாளர்களும் ஆசிரியர்களும் தாங்கள் விரும்பியதையே கண்டார்கள் என்பது அந்த ஆய்வின் முடிவு. செய்தியைச் செய்தியாலேயே சோதிக்கும் இந்த முறை பிற்காலத்தில் ஸ்டோனின் கையில் முழுமை பெற்றது.

வால்டர் லிப்மன்

வால்டர் லிப்மன் 1889-ல் நியூயார்க்கில் பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். முதல் உலகப் போரின்போது போர்த் துறையில் பணியாற்றினார். குடியரசுத் தலைவர் வில்சனின் பதினான்கு அம்சத் திட்டத்தைத் தயாரித்த குழுவிலும் இருந்தார். 1922-ல் வெளிவந்த 'பொதுக் கருத்து' என்ற அவரது நூல் ஊடக ஆய்வுகளுக்கு அடிப்படையான நூல்களுள் ஒன்று. மனிதர்கள் உலகை நேரடியாக அறிவதில்லை, தங்கள் மனத்தில் ஏற்கனவே உள்ள வார்ப்புகளின் வழியாகவே அறிகிறார்கள் என்று அந்நூல் வாதிட்டது.

1931 செப்டம்பரில் நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன் நாளிதழில் லிப்மனின் 'இன்றும் நாளையும்' பத்தி தொடங்கியது. காலப்போக்கில் இருநூறுக்கும் மேற்பட்ட நாளிதழ்கள் அதை வாங்கி வெளியிட்டன. 1958, 1962 ஆகிய ஆண்டுகளில் அவருக்குப் புலிட்சர் விருது வழங்கப்பட்டது. வெளிநாட்டுத் தூதர்களும் அமைச்சர்களும் அவரைச் சந்திக்க நேரம் கேட்டார்கள். 1961-ல் கென்னடியின் பதவியேற்பு உரையின் வரைவு அவரிடம் காட்டப்பட்டது. 'பகைவர்' என்று இருந்த இடத்தில் 'எதிராளி' என்று மாற்றலாம் என்று அவர் சொன்ன யோசனை ஏற்கப்பட்டது.

இந்த நெருக்கத்தால் அவருக்குக் கிடைத்த தகவல்கள் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு இரண்டு மாதங்கள் கழித்து, 1942 பிப்ரவரி 12 அன்று, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரைப் பற்றி அவர் ஒரு பத்தி எழுதினார். அதற்கு முன் அவர் கலிபோர்னியாவில் ராணுவ, அரசு அதிகாரிகளைச் சந்தித்துப் பேசியிருந்தார். அதுவரை நாசவேலை எதுவும் நடக்கவில்லை என்பதை அவர் பாதுகாப்பின் அறிகுறியாகக் கொள்ளவில்லை. சரியான நேரத்துக்காக எதிரி காத்திருக்கிறான் என்பதற்கே அதைச் சான்றாகக் காட்டினார். எந்தச் சான்றாலும் மறுக்க முடியாதபடி அமைந்த வாதம் அது. ஒரு வாரத்தில், பிப்ரவரி 19 அன்று, ரூஸ்வெல்ட் 9066-ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். ஏறத்தாழ 1,20,000 பேர் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். ஆணைக்கு லிப்மன் ஒருவர் காரணமல்ல. ஆனால் நாட்டிலேயே மதிக்கப்பட்ட தாராளவாதப் பத்தியாளர் அதிகாரிகளின் அச்சத்தைத் தன் சொந்தக் கருத்தாக எழுதியது, அந்த ஆணைக்கு ஒரு மரியாதையைத் தந்தது. 1988-ல் அமெரிக்க அரசு அதற்காக மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு வழங்கியது.

எட்வர்ட் மரோ

எட்வர்ட் ஆர். மரோ 1908-ல் வட கரோலினாவில் பிறந்தார். 1940-ல் ஜெர்மானிய விமானங்கள் லண்டனைக் குண்டுவீசித் தாக்கியபோது அங்கிருந்து சிபிஎஸ் வானொலிக்காக அவர் வழங்கிய நேரடி வருணனைகள் அவரைப் புகழ்பெறச் செய்தன. 1951 நவம்பரில் அவரும் தயாரிப்பாளர் பிரெட் பிரெண்ட்லியும் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'சீ இட் நவ்' நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். அல்கோவா என்ற அலுமினிய நிறுவனம் அதன் விளம்பரதாரராக இருந்தது.

அது விஸ்கான்சின் மாநிலச் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் காலம். அரசுத் துறைகளில் கம்யூனிஸ்டுகள் ஊடுருவியிருக்கிறார்கள் என்று 1950 பிப்ரவரியில் அவர் குற்றம்சாட்டத் தொடங்கினார். ஆதாரமற்ற குற்றச்சாட்டுகளால் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், நடிகர்கள் எனப் பலர் வேலை இழந்தனர். 'மெக்கார்த்தியிசம்' என்ற சொல்லை, அந்த ஆண்டு மார்ச்சிலேயே வாஷிங்டன் போஸ்ட் கேலிச்சித்திரக்காரர் ஹெர்பர்ட் பிளாக் தம் சித்திரத்தில் பயன்படுத்தினார். தொலைக்காட்சி மட்டும் நெடுநாள் அமைதியாக இருந்தது. சிபிஎஸ் தன் ஊழியர்களிடம் விசுவாச உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கியது. மரோவும் அதில் கையெழுத்திட்டார்.

1953 அக்டோபர் 20 அன்று மரோ தன் முதல் அடியை எடுத்து வைத்தார். விமானப்படையின் ரிசர்வ் பிரிவில் இருந்த மிலோ ராடுலோவிச் என்ற இளம் அதிகாரி, தந்தை, சகோதரி ஆகியோரின் அரசியல் சாய்வைக் காரணமாகக் காட்டி வெளியேற்றப்பட இருந்தார். அவர் மீது தனிப்பட்ட குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இந்நிகழ்ச்சிக்கு விளம்பரம் செய்ய சிபிஎஸ் மறுத்தது. மரோவும் பிரெண்ட்லியும் தங்கள் சொந்தப் பணம் 1,500 டாலரைக் கொடுத்து நியூயார்க் டைம்ஸில் விளம்பரம் வெளியிட்டனர். அதில் நிறுவனத்தின் சின்னம் இல்லை. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து விமானப்படை தன் முடிவைத் திரும்பப் பெற்றது.

1954 மார்ச் 9 அன்று மெக்கார்த்தி பற்றிய நிகழ்ச்சி ஒளிபரப்பானது. மெக்கார்த்தியின் பேச்சுகளையும் விசாரணைக் காட்சிகளையும் அப்படியே காட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உண்மை நிலையை வைத்தார் மரோ. ஏப்ரல் 22 முதல் ஜூன் 17 வரை நடந்த ராணுவ விசாரணைகளை மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தபோது மெக்கார்த்தியின் செல்வாக்கு மேலும் சரிந்தது. டிசம்பர் 2 அன்று செனட் 67-22 என்ற வாக்குகளில் அவரைக் கண்டித்தது.

மரோ தனியாக மெக்கார்த்தியை வீழ்த்தினார் என்ற கதை பின்னாளில் உருவானது. அது முழு உண்மையல்ல. அச்சு இதழ்கள் நான்கு ஆண்டுகளாக எழுதி வந்தன. மெக்கார்த்தி ராணுவத்தோடு மோதியதும் அவருடைய வீழ்ச்சிக்கு முக்கியக் காரணம். ஆயினும் பல லட்சம் வீடுகளில் ஒரே இரவில் சென்று சேரக்கூடிய ஊடகம் வாய் திறந்தது அதுதான் முதல் முறை.

அதற்குப் பின் நடந்தது இம்மரபின் வரலாற்றில் கவனிக்கத்தக்கது. 1955-ல் அல்கோவா விலகிக்கொண்டது. அதே ஆண்டு சிபிஎஸ்ஸில் தொடங்கிய '64,000 டாலர் கேள்வி' என்ற பரிசுப் போட்டி பெரும் வருமானத்தைக் கொண்டுவந்தது. விளம்பர நேரத்தின் விலை ஏறியது. சர்ச்சைக்குரிய நிகழ்ச்சிக்கு அந்த நேரத்தை ஒதுக்குவது நட்டமாகத் தெரிந்தது. 'சீ இட் நவ்' வார நிகழ்ச்சி என்ற நிலையை இழந்து, 1958 ஜூலையில் நின்றது. அந்த அக்டோபரில் சிகாகோவில் ஒளிபரப்புச் செய்தி இயக்குநர்கள் முன் பேசிய மரோ, தொலைக்காட்சி மக்களை உண்மையிலிருந்து விலக்கி மகிழ்விக்கும் கருவியாக மாறிவருகிறது என்று எச்சரித்தார்.

1960 நவம்பர் 25 அன்று, பண்ணைகளில் இடம்பெயர்ந்து உழைக்கும் கூலிகளின் வறுமையைக் காட்டும் 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்' ஆவணப்படம் அவருடைய குரலில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு கென்னடி அரசின் வெளிநாட்டுத் தகவல் முகமைக்கு மரோ இயக்குநரானார். அந்தப் படத்தை பிபிசி ஒளிபரப்ப இருந்தபோது, அதை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டவர் அதே மரோதான். பிபிசி அதை ஏற்கவில்லை, படம் ஒளிபரப்பானது. நாற்காலி மாறியதும் தன் சொந்தப் படைப்பே அவருக்குச் சங்கடமாகிவிட்டது.

ஐ. எஃப். ஸ்டோன்

இசிடோர் ஃபைன்ஸ்டீன் ஸ்டோன் 1907 டிசம்பர் 24 அன்று பிலடெல்பியாவில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தார். பள்ளியில் படிக்கும்போதே சொந்தமாக ஒரு சிறு இதழை நடத்தினார். பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு நாளிதழ் வேலைக்குப் போனார். நியூயார்க் போஸ்ட், தி நேஷன், பி.எம். ஆகியவற்றில் எழுதினார். 1952 இறுதியில் அவர் வேலை செய்த டெய்லி காம்பஸ் நாளிதழ் மூடப்பட்டது. மெக்கார்த்தி காலத்தின் உச்சத்தில், இடதுசாரி என்று பெயர்பெற்ற 45 வயது இதழாளருக்கு வேலை தர எந்த நாளிதழும் முன்வரவில்லை.

1953 ஜனவரி 17 அன்று அவர் வாஷிங்டனிலிருந்து 'ஐ. எஃப். ஸ்டோன்ஸ் வீக்லி' என்ற நான்கு பக்க வார இதழைத் தொடங்கினார். மூடப்பட்ட நாளிதழ்களின் சந்தாதாரர் முகவரிகளுக்குக் கடிதம் எழுதி 5,300 சந்தாக்களைத் திரட்டினார். ஆண்டுச் சந்தா 5 டாலர். விளம்பரம் கிடையாது. அவருடைய மனைவி எஸ்தர் கணக்கையும் விநியோகத்தையும் பார்த்துக்கொண்டார். ஐன்ஸ்டீனும் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் தொடக்கக் காலச் சந்தாதாரர்களில் இருந்தனர்.

ஸ்டோனுக்குச் செவித்திறன் குறைவு. செய்தியாளர் கூட்டங்களில் பேசுவதைக் கேட்பது கடினமாக இருந்தது. அதிகாரிகளின் விருந்துகளுக்கு அவரை யாரும் அழைக்கவும் இல்லை. எனவே அவர் அச்சில் வந்தவற்றைப் படித்தார். நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகள், குழு விசாரணைகளின் எழுத்துப் பதிவுகள், அறிக்கைகளின் பின்னிணைப்புகள் ஆகியவையே அவருடைய மூலங்கள். அரசு ஓரிடத்தில் சொன்னதையும் இன்னோரிடத்தில் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது அவருடைய முறை.

இம்முறைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு நிலத்தடி அணுகுண்டுச் சோதனை. 1957 செப்டம்பர் 19 அன்று நெவாடாவில் அமெரிக்கா தன் முதல் முழுமையான நிலத்தடிச் சோதனையை நடத்தியது. சில நூறு மைலுக்கு அப்பால் அந்த அதிர்வை உணர முடியவில்லை என்று அணுசக்தி ஆணையம் 1958-ல் அறிவித்தது. சோதனைத் தடை ஒப்பந்தம் வேண்டாம் என்போருக்கு இது வலுவான வாதம். தொலைவிலிருந்து கண்டறிய முடியாத சோதனையை எப்படித் தடைசெய்வது என்று அவர்கள் கேட்டார்கள். ஆனால் சோதனை நடந்த மறுநாள் நாளிதழில், டோக்கியோ போன்ற தொலைதூர நகரங்களில் அதிர்வு பதிவானதாகச் சிறு செய்திகள் வந்திருந்ததை ஸ்டோன் வெட்டி வைத்திருந்தார். அரசின் நிலநடுக்க ஆய்வாளர்களிடம் நேரில் போய்க் கேட்டார். 2,300 மைல் தொலைவிலுள்ள அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் வரை அதிர்வு பதிவானது தெரியவந்தது. ஆணையம் தன் அறிக்கையைத் திருத்திக்கொண்டது.

சந்தாதாரரை நம்பி வாழ்வதிலும் ஆபத்து இருந்தது. 1956-ல் சோவியத் ஒன்றியத்துக்குப் போய்வந்த ஸ்டோன், அது நல்ல சமூகம் அல்ல, அதை நடத்துபவர்கள் நேர்மையானவர்கள் அல்ல என்று எழுதினார். அதுவரை சோவியத்தைக் கனிவோடு பார்த்தவர்களில் அவரும் ஒருவர். அவருடைய வாசகர்களில் பலர் இன்னும் அப்படியே பார்த்தார்கள். நானூறு பேர் வரை சந்தாவை நிறுத்தினார்கள். சிறு இதழுக்கு அது பெரிய அடி. அவர் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை.

ஸ்டோன் மீதான விமர்சனங்களும் உண்டு. 1952-ல் வெளியான கொரியப் போர் பற்றிய அவரது நூல், போரைத் தொடங்கியது வட கொரியா என்பதை மழுப்பியதாகக் குறைகூறப்படுகிறது. 1930-களின் பிற்பகுதியில் சோவியத் உளவுத்துறையோடு அவருக்குத் தொடர்பு இருந்ததாக, பனிப்போர் முடிந்தபின் வெளியான ஆவணங்களைக் கொண்டு சில வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். அந்த ஆவணங்கள் காட்டுவது ஓர் இதழாளருக்கு இயல்பான சந்திப்புகளைத்தான் என்று வேறு சிலர் மறுக்கின்றனர். எஃப்பிஐ அவரைப் பல ஆண்டுகள் கண்காணித்தது. அவரைப் பற்றிய கோப்பு ஐயாயிரம் பக்கங்களைத் தாண்டியது.

வியட்நாம் போர்

லிப்மனின் வழியையும் ஸ்டோனின் வழியையும் ஒப்பிட வியட்நாம் போர் வாய்ப்பளிக்கிறது. போரை விரிவாக்கியவர் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த லிண்டன் ஜான்சன். மருத்துவக் காப்பீடு, குடியுரிமைச் சட்டங்கள் என்று தாராளவாதிகள் விரும்பிய பலவற்றை நிறைவேற்றியவரும் அவரே. ஆகவே அவரை எதிர்ப்பது தாராளவாதக் கருத்துரையாளர்களுக்கு எளிதாக இல்லை.

1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டு முறை தாக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. குடியரசுத் தலைவருக்குப் போர் அதிகாரம் அளிக்கும் தீர்மானம் ஆகஸ்ட் 7 அன்று கீழவையில் 416-0 என்றும், செனட்டில் 88-2 என்றும் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்கள் வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குருயனிங் ஆகிய இருவர். பெரும்பாலான நாளிதழ்கள் அவர்களுடைய பேச்சுக்கு இடம் தரவில்லை. ஸ்டோன் அவற்றை எடுத்து வெளியிட்டு, அரசின் விவரிப்பில் உள்ள முரண்களைச் சுட்டினார். ஆகஸ்ட் 4 அன்று நடந்ததாகச் சொல்லப்பட்ட இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்று தேசியப் பாதுகாப்பு முகமையின் வரலாற்றாசிரியரே எழுதிய ஆய்வு 2005-ல் வெளிவந்தது.

1965 பிப்ரவரி இறுதியில் வெளியுறவுத் துறை ஒரு வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. தென் வியட்நாமில் நடப்பது உள்நாட்டுக் கிளர்ச்சி அல்ல, வடக்கிலிருந்து வரும் ஆக்கிரமிப்பு என்று அது கூறியது. மார்ச் 8 இதழில் ஸ்டோன் பதில் எழுதினார். அறிக்கையின் பின்னிணைப்பில், கைப்பற்றப்பட்ட கம்யூனிஸ்ட் நாட்டு ஆயுதங்களின் பட்டியல் இருந்தது. அவர் அதைக் கூட்டிப் பார்த்தார். மொத்தம் 179. ராணுவத் தலைமையகம் தந்த வேறொரு கணக்கின்படி மூன்று ஆண்டுகளில் கெரில்லாக்களிடமிருந்து கைப்பற்றப்பட்ட ஆயுதங்கள் 15,100. பட்டியலில் இருந்தவை அதில் ஒன்றேகால் சதவீதத்துக்கும் குறைவு. எந்த ரகசிய ஆவணமும் இல்லாமல், அரசின் இரண்டு எண்களை மட்டும் கொண்டு செய்யப்பட்ட மறுப்பு அது.

லிப்மன் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். வியட்நாம் அமெரிக்காவின் உயிர்நாடியான நலன் அல்ல என்பது அவருடைய பார்வை. அதை ஜான்சனிடம் நேரில் சொல்லித் திருத்த முடியும் என்று நம்பினார். 1965 ஏப்ரலில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக உரைக்கு முன் வெள்ளை மாளிகை அவரை அழைத்து வரைவைக் காட்டியது. உரைக்குப் பின்னும் போர் விரிந்துகொண்டே போனபோது, தன்னை அமைதிப்படுத்தவே அந்த மரியாதை என்று அவர் உணர்ந்தார். எழுபத்தைந்து வயதைக் கடந்த பத்தியாளர் அதன்பின் வாரந்தோறும் போரைக் கண்டித்து எழுதினார். ஜான்சன் அவரை வெளிப்படையாகக் கேலி செய்தார். 1967-ல் லிப்மன் பத்தியை நிறுத்திக்கொண்டு வாஷிங்டனை விட்டு வெளியேறினார். உரிய நேரத்தில் விழித்துக்கொள்ள அவருக்குத் தடையாக இருந்தது அறியாமை அல்ல. தன் சொல் கேட்கப்படும் என்ற நம்பிக்கைதான்.

ஸ்டோனின் இதழ் போர்க் காலத்தில் வளர்ந்தது. 1971 டிசம்பரில் உடல்நலம் கருதி அவர் அதை நிறுத்தியபோது சந்தாதாரர் எண்ணிக்கை ஏறத்தாழ 70,000. சந்தா கடைசிவரை 5 டாலராகவே இருந்தது. பின்னர் அவர் பண்டைய கிரேக்கம் கற்று, சாக்ரடீஸின் விசாரணை பற்றி நூல் எழுதினார். 1989 ஜூன் 18 அன்று காலமானார்.

நியாயக் கோட்பாடு

ஒளிபரப்பில் கருத்துரையை அரசு விதிகளும் வடிவமைத்தன. 1949-ல் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் 'நியாயக் கோட்பாடு' என்ற விதியைக் கொண்டுவந்தது. பொதுமுக்கியத்துவம் வாய்ந்த சர்ச்சைகளைப் பற்றி நிலையங்கள் பேச வேண்டும், எதிர்த்தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்பது விதி.

1964-ல் பென்சில்வேனியாவின் சிறு வானொலி நிலையம் ஒன்றில், வலதுசாரி மதபோதகர் பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸ், நேஷன் இதழில் எழுதிவந்த பிரெட் குக்கைத் தாக்கிப் பேசினார். பதில் சொல்ல குக் நேரம் கேட்டார். நிலையம் இலவசமாகத் தர மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1969-ல் நீதிபதிகள் ஒருமனதாக விதியை உறுதிசெய்தார்கள். தாராளவாதிகள் அதைப் பேச்சுரிமையின் வெற்றியாகக் கொண்டாடினார்கள்.

கதையின் மறுபக்கத்தை வெளிக்கொண்டுவந்தவர் மரோவின் பழைய கூட்டாளி பிரெட் பிரெண்ட்லி. வலதுசாரி நிலையங்களுக்கு எதிராக நியாயக் கோட்பாட்டைப் பயன்படுத்தும் முயற்சியின் பின்னால் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு இருந்ததை அவர் 1970-களின் நடுவில் ஆராய்ந்து எழுதினார். சிறு நிலையங்கள் செலவுக்கு அஞ்சிச் சர்ச்சையையே தவிர்த்துவிடும் என்பது அந்த முயற்சியின் கணக்கு. தன் தரப்பினரின் பிழையைத் தானே எழுதிய இந்நூல் தாராளவாத இதழியலின் சிறந்த பணிகளுள் ஒன்றாகக் கருதத்தக்கது.

1987 ஆகஸ்டில், ரீகன் ஆட்சிக் காலத்தில், விதி கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு ரஷ் லிம்பாவின் பழமைவாத வானொலி நிகழ்ச்சி நாடு முழுவதும் ஒலிபரப்பாகத் தொடங்கியது. அதற்கு மாற்றாக 2004 மார்ச் 31 அன்று தொடங்கிய 'ஏர் அமெரிக்கா' என்ற தாராளவாத வானொலி வலைப்பின்னல் பணமின்றித் தள்ளாடி 2010 ஜனவரியில் நின்றது.

இணையக் காலம்

2000 நவம்பரில், புளோரிடா வாக்கு எண்ணிக்கைச் சர்ச்சையின்போது, ஜோஷ் மார்ஷல் 'டாக்கிங் பாயிண்ட்ஸ் மெமோ' என்ற வலைப்பதிவைத் தொடங்கினார். 2007-ல் மத்திய அரசு வழக்கறிஞர்கள் பலர் அரசியல் காரணங்களுக்காக நீக்கப்பட்டதை அது தொடர்ந்து எழுதியது. நீதித் துறை ஆயிரக்கணக்கான பக்க ஆவணங்களை ஒரே மூச்சில் வெளியிட்டபோது, வாசகர்கள் அவற்றைப் பங்கிட்டுப் படித்துத் தகவல் அனுப்பினார்கள். ஸ்டோன் தனியாகச் செய்ததை வாசகர் கூட்டம் செய்தது. அட்டர்னி ஜெனரல் ஆல்பர்ட்டோ கொன்சாலஸ் அந்த ஆண்டு பதவி விலகினார். 2007-ஆம் ஆண்டுப் பணிக்காக மார்ஷலுக்கு ஜார்ஜ் போல்க் விருது கிடைத்தது.

உரிமையாளரின் கேள்வி மறையவில்லை. 2024 அக்டோபரில், தேர்தலுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, குடியரசுத் தலைவர் தேர்தலில் யாரையும் ஆதரிப்பதில்லை என்று வாஷிங்டன் போஸ்ட் அறிவித்தது. கமலா ஹாரிஸை ஆதரிக்கும் தலையங்கம் வரைவாக இருந்த நிலையில் உரிமையாளர் ஜெஃப் பெசோஸ் எடுத்த முடிவு அது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சந்தாவை நிறுத்தினார்கள். 2025 பிப்ரவரியில், கருத்துப் பக்கங்கள் இனித் தனிமனித உரிமைகளையும் தடையற்ற சந்தையையும் ஆதரித்தே எழுதும் என்று பெசோஸ் அறிவித்தார். அப்பக்கங்களின் ஆசிரியர் டேவிட் ஷிப்லி விலகினார். பெரிய நாளிதழ்களிலிருந்து வெளியேறிய பத்தியாளர்கள் பலர் இப்போது சந்தாச் செய்திமடல்களை நடத்துகிறார்கள்.

மதிப்பீடு

லிப்மன், மரோ, ஸ்டோன் ஆகிய மூவரில் ஒருவரது வழி மட்டுமே சரி என்று வரலாறு சொல்லவில்லை. ஸ்டோனின் இதழை ஆயிரங்கள் படித்த காலத்தில் மரோவை லட்சங்கள் பார்த்தார்கள். அந்த எண்ணிக்கை இல்லாமல் மெக்கார்த்தியின் முகம் பொதுமக்களுக்குத் தெரிந்திருக்காது. லிப்மனின் எதிர்ப்பு வியட்நாம் போருக்கு எதிரான கருத்தை நடுத்தர வாசகர்களிடம் மதிப்புக்குரியதாக்கியது.

சந்தா வழிக்கு இன்று கிடைக்கும் புகழ் அதன் ஒரு பக்கத்தை மறைக்கிறது. விளம்பரதாரரைப் போலவே சந்தாதாரரும் எழுதுபவரைக் கட்டுப்படுத்த முடியும். தான் ஏற்கனவே நம்புவதையே திரும்பக் கேட்க விரும்பும் வாசகர், அதற்கு மாறாக எழுதுபவரை விட்டு எளிதில் விலகிவிடுகிறார். செய்திமடல் எழுதுபவருக்கு அந்த விலகல் அன்றைக்கே கணினித் திரையில் எண்ணாகத் தெரிகிறது. அந்த எண்ணைக் கண்டு அடுத்த கட்டுரையை மாற்றாதிருக்கும் துணிவு 1956-ல் ஸ்டோனுக்குத் தேவைப்பட்டதைப் போலவே இன்றைய எழுத்தாளருக்கும் தேவைப்படுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நீமன் அறக்கட்டளை 2008 முதல் சுதந்திரமான இதழியலுக்காக வழங்கிவரும் பதக்கத்துக்கு ஐ. எஃப். ஸ்டோனின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.